மகளுக்கு மரக் கிளாரினெட் வாங்கலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் 13 வயதுப் பெண் ஒருத்தி பள்ளி பேண்டில் இரண்டு ஆண்டுகளாகப் பிளாஸ்டிக் கிளாரினெட் வாசிக்கிறாள். ‘மரக் கருவியில்தான் நாதம் பிறக்கும், வாங்கிக் கொடுங்கள்’ என்கிறார் ஆசிரியர். கன்னங்கரிய மரமும், துளைகளை மூடித் திறக்கும் வெள்ளி மின்னும் கீகளுமாக ஒன்றைக் கடையில் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மகளுக்கும் அதே நினைப்பு. விலையோ கையில் இருக்கும் கருவியைப் போல ஐந்து மடங்கு. ஒலியில் உண்மையிலேயே வித்தியாசம் உண்டா, அல்லது வெறும் அழகுக்குப் பணத்தைக் கொட்டப் போகிறோமா என்று கேட்கிறார் தந்தை.

கையில் வசதி இருந்தால் வாங்கிக் கொடுங்கள். ஆசிரியர் சொல்லும் காரணம் தவறு. மகள் சொல்லும் காரணம் சரி. கிளாரினெட் வாசிப்பதும், பிறருடைய கருவிகளைப் பிரித்துப்போட்டுப் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. அந்த மேசையில் உட்கார்ந்து பார்த்தால் இந்த விஷயம் கடைக்காரர் சொல்வதைவிட வேறு மாதிரித்தான் தெரிகிறது.

வீணையின் குடத்தையும் வயலினின் பலகையையும் பார்த்துப் பழகிய நமக்கு, மரம்தான் பாடுகிறது என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. அந்தக் கருவிகளில் அது உண்மையும்கூட. தந்தியின் அதிர்வு குதிரை வழியாக மரத்துக்கு இறங்குகிறது. மரம் அதிர்ந்து அறையின் காற்றை அசைக்கிறது. கிளாரினெட்டில் அப்படி ஒன்றும் நடப்பதில்லை. வாயில் வைக்கும் மெல்லிய தகடான ரீடு அதிர்கிறது, குழலுக்குள் இருக்கும் காற்று அதற்கு ஈடுகொடுத்து அதிர்கிறது, திறந்திருக்கும் துளைகள் வழியாகவும் அடிமுனையில் விரிந்திருக்கும் பெல் வழியாகவும் ஒலி வெளியே வருகிறது. பாடுவது காற்று. குழலின் சுவருக்கு வேலை அந்தக் காற்றை ஒழுகவிடாமல் பிடித்து வைப்பதும், துளைகளை அவற்றுக்குரிய இடத்தில் அசையாமல் நிறுத்துவதும்தான். சுவரும் இம்மியளவு அதிரத்தான் செய்கிறது. ஆனால் அதிலிருந்து வரும் ஒலி, காற்றிலிருந்து வரும் ஒலிக்கு முன்னால் காதில் விழும் அளவுக்குத் தேறாது என்பதை ஜான் பேக்கஸ் என்ற இயற்பியலாளர் 1964-லேயே கிளாரினெட்டை வைத்து அளந்து எழுதிவிட்டார். 1971-ல் ஜான் கோல்ட்மன் என்பவர் இன்னும் ஒரு படி போனார். உள்ளளவுகள் ஒன்றாக இருக்கும்படி வெள்ளியில் ஒன்று, செம்பில் ஒன்று, மரத்தில் ஒன்று என்று மூன்று புல்லாங்குழல்கள் செய்தார். எது எது என்று தெரியாதபடி அவற்றை வாசிக்கச் செய்தபோது கேட்டவர்களாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை, வாசித்தவர்களாலும் முடியவில்லை.

ஆராய்ச்சி வேண்டாம் என்றால் கருவியையே கையில் எடுத்துப் பாருங்கள். லட்சங்களில் விலை போகும் மரக் கிளாரினெட்டிலும், ரீடைப் பொருத்தி வாய் வைத்து ஊதும் மவுத்பீஸ் மரம் அல்ல. அது எபோனைட், கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர். பழைய காலத்தில் மவுத்பீஸும் மரத்தில்தான் இருந்தது. எச்சில் ஈரம் பட்டுப் பட்டு வளைந்துபோகிறது என்று கைவிட்டுவிட்டார்கள். ரீடும் இப்போது அந்த வழியில் போகத் தொடங்கியிருக்கிறது. பிரான்சின் தென்கோடியில் விளையும் நாணல் தட்டையைச் சீவிச் செய்வதுதான் பழைய வழக்கம். கனடாவைச் சேர்ந்த லெஜெர் நிறுவனம் பிளாஸ்டிக்கில் செய்து விற்கும் ரீடுகளைப் பெரிய இசைக்குழுக்களில் இருப்பவர்களே வாயில் வைத்து வாசிக்கிறார்கள். நாதம் பிறக்கிற இடத்தில் ரப்பரும் பிளாஸ்டிக்கும் இருக்கலாமாம். அதற்குக் கீழே போகிற குழாய் மட்டும் மரமாக இருக்க வேண்டுமாம்.

இதனால் ஆசிரியரின் காது பொய் சொல்கிறது என்று ஆகிவிடாது. உங்கள் மகளின் கருவியையும் கடையில் இருக்கும் மரக் கருவியையும் அவர் மாற்றி மாற்றி வாசித்தால் வித்தியாசம் கேட்கும், சந்தேகமே இல்லை. அந்த வித்தியாசத்துக்கான காரணத்தைத்தான் அவர் வேறிடத்தில் தேடுகிறார்.

இரண்டின் மேல் பாகத்தையும் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பாருங்கள். மாணவர் கருவியில் பெரும்பாலும் ஒவ்வொரு துளையும் குழாயில் துளையிட்டது போல நேராக உள்ளே இறங்கியிருக்கும். உயர்தரக் கருவியில் துளை உட்குழலைச் சந்திக்கும் இடத்தில் அதன் விளிம்பை உள்பக்கமாகச் சரித்துக் குடைந்திருப்பார்கள். அந்தச் சரிவில்தான் பாதி மாயம் இருக்கிறது. காற்று அங்கே முட்டாமல் வழிந்து போகும். ஸ்வரம் தெளிவாக விழும். இரண்டு ஸ்தாயிகளுக்கும் இடையே சுருதி ஒட்டும். கிளாரினெட்டுக்கு இது மிகவும் முக்கியம். புல்லாங்குழலைப் போல அது ஸ்தாயி விட்டு ஸ்தாயி தாவாது. கீழ்ப் பகுதியிலிருந்து மேல் பகுதிக்குப் போகும்போது பன்னிரண்டாவது ஸ்வரத்துக்குத் தாவும். ஒரே துளை கீழே ஒரு ஸ்வரத்துக்கும் மேலே இன்னொன்றுக்கும் பொறுப்பு. ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கெடும். இந்தப் பேரத்தில் யார் எவ்வளவு பொறுமையாக உட்கார்ந்தார்கள் என்பதுதான் கருவியின் விலை.

உட்குழலும் அப்படித்தான். பார்வைக்கு அது நேரான குழாய். 1950-களில் பிரெஞ்சு நிறுவனமான பஃபே கிராம்போனுக்காக ராபர்ட் காரே வடிவமைத்த ஆர்13 என்ற கிளாரினெட்டில் உட்குழல் ஒரே அளவில் போகாமல் படிப்படியாக விட்டம் மாறுகிறது. பதினாலரை மில்லிமீட்டர் சொச்சம் உள்ள விட்டத்தில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கூடுவதும் குறைவதும்தான் அந்த மாற்றம். அதை வைத்துத்தான் உலகத்தில் பாதி இசைக்குழுக்கள் அந்தக் கருவியின் பின்னால் போயின. இந்த வேலைப்பாட்டை நிறுவனங்கள் பெரும்பாலும் மரத்துக்கென்றே ஒதுக்கிவைத்திருக்கின்றன. பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்து, எளிய கீகளைப் பொருத்தி, எட்டாம் வகுப்புப் பிள்ளை கீழே போட்டாலும் தாங்கும்படி செய்து அனுப்புகிறார்கள். ஆக, கடையில் நாம் ஒப்பிடுவது மரத்தையும் பிளாஸ்டிக்கையும் அல்ல. கைவேலையையும் அச்சு வேலையையும்.

பிளாஸ்டிக்குக்கும் அதே கைவேலையைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பஃபே நிறுவனத்திலேயே பதில் இருக்கிறது. 1990-களில் அவர்கள் கிரீன்லைன் என்ற வரிசையைக் கொண்டுவந்தார்கள். கருவி செய்யும்போது மிஞ்சும் மரத்தூளோடு கார்பன் நாரையும் பிசினையும் கலந்து அழுத்திக் கட்டையாக்கி, அதே ஆர்13 அளவுகளில் கடைந்த கருவி. மரத்தூள்தான் மிகுதி என்றாலும், அதில் மரத்துக்குரிய நார் ஓட்டம் கிடையாது. அதனால் விரிசல் விடாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இரண்டையும் பிரிக்க என்னால் முடியாது. முடியும் என்று பந்தயம் கட்டுகிறவர்களிடம் பணம் வைத்து விளையாடத் தயார். துருக்கிக்குப் போனால் இன்னும் வேடிக்கை. அங்கே நாட்டுப்புற இசையில் கலைஞர்கள் பலர் கையில் வைத்திருப்பது உலோகக் கிளாரினெட். கேட்டால் மனத்தைப் பிசையும் கனத்த நாதம். ‘உலோகம், அதனால் தகரச் சத்தம் வரும்’ என்ற வாதம் இஸ்தான்புல்லில் எடுபடாது.

பிளாஸ்டிக் என்றாலே அழகில்லாதது என்பதும் கிடையாது. 1950-ல் லண்டனில் கிராஃப்டன் என்ற பெயரில் ஒரு சாக்ஸபோன் வெளிவந்தது. உடல் முழுக்க அக்ரிலிக் பிளாஸ்டிக், தந்த நிறம், மேலே பொன்னிறக் கீகள். பித்தளைச் சாக்ஸபோனைவிட மலிவாக இருக்கட்டும் என்று செய்ததுதான். ஆனால் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. 1953 மே மாதம் டொரொண்டோவின் மாஸி ஹாலில் நடந்த ஜாஸ் கச்சேரியில் சார்லி பார்க்கர் வாசித்தது இந்தப் பிளாஸ்டிக் சாக்ஸபோனைத்தான். அந்தப் பதிவை ஜாஸ் ரசிகர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள். பிளாஸ்டிக் நெடி அடிக்கிறது என்று யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை. 1994-ல் அந்தக் கருவி லண்டன் ஏலத்தில் 93,500 பவுண்டுக்குப் போனது. கிராஃப்டன் நிலைக்காமல் போனதற்கு ஒலி காரணமில்லை. கீழே விழுந்தால் உடையும். உடைந்தால் ஒட்டுவது பெரும்பாடு.

அப்படியென்றால் மரம் எதற்காக வந்தது? 18-ஆம் நூற்றாண்டுக் கிளாரினெட்டுகள் பெட்டிமரம் என்று சொல்லத்தக்க பாக்ஸ்வுட்டில் செய்தவை. தேன் மஞ்சள் நிறம், இணைப்புகளில் தந்த வளையம், பித்தளைக் கீகள் நாலைந்து. இன்றைய கறுப்புக் கருவிகளைவிட அவைதான் அழகு என்பேன். ஆனால் அந்த மரம் ஈரத்தில் வளையும். 1839-ல் பாரிஸில் இயாசிந்த் குளோசேயும் லூயி ஓகுஸ்த் பஃபேயும் சேர்ந்து புதிய கீ அமைப்பைக் காட்சிக்கு வைத்தார்கள். 17 கீகள், விரல் துளைகளைச் சுற்றி 6 வளையங்கள். இப்போது உங்கள் மகள் வாசிப்பதும் அதே அமைப்புத்தான். இத்தனை கீகளையும் தாங்கும் சிறு தூண்களை மரத்தில் திருகி நிறுத்த வேண்டும். அவை மயிரிழை நகர்ந்தாலும் கீ இறுகிக்கொள்ளும். அதற்கு உலோகத்தைப் போலக் கடைசலுக்கு நிற்கும் கட்டை தேவைப்பட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கிரனடில்லா என்ற மரம் அதற்குப் பொருந்தியது. அந்தக் காலத்தில் கிடைத்த பொருள்களில் துல்லியமாகத் துளையிடவும், போட்ட துளை போட்டபடி நிற்கவும் அதுவே சிறந்தது. எபோனைட்டும் பிளாஸ்டிக்கும் சந்தைக்கு வந்து சேர்வதற்குள் மரத்துக்குப் புகழ் நிலைபெற்றுவிட்டது.

நம் ஊர் நாதஸ்வரத்திலும் இதே கதைதான். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடைகிறார்கள். 2022-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் பல்லாண்டு காய்ந்த ஆச்சாவுக்குத்தான் அங்கே மதிப்பு. பழைய மரத்தில் நாதம் ஊறியிருக்கும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். என் கணக்கில் அதற்கு நேரான விளக்கம் உண்டு: காய்ந்து முடிந்த மரம் இனி அசையாது. கடைசல்காரர் வைத்த அளவு அப்படியே நிற்கும்.

கிரனடில்லாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் விட மனம் வரவில்லை. தான்சானியாவிலும் மொசாம்பிக்கிலும் வளரும் இந்த மரத்தை அங்கே எம்பிங்கோ என்பார்கள். கருங்காலி என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, இது நம் ஈட்டி மரத்தின் இனம். தண்ணீரில் போட்டால் மூழ்கும். கருவிக்கு ஆகும் பருமன் வருவதற்கே 70 ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். வளர்ந்தாலும் நெட்டையாக நிற்காமல் கோணலும் முடிச்சுமாக இருப்பதால், ஒரு மரத்தை வெட்டினால் அதில் சிறு பகுதிதான் கிளாரினெட்டுக்குத் தேறும். 2017-ல் இந்த மரக் குடும்பம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கருவிகளை எல்லை தாண்டி விற்கவே காகிதங்களைத் தேட வேண்டியதாயிற்று. 2019-ல் நடந்த மாநாட்டில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். மரக் கருவி வாங்குகிறவர், ஒரு மனித ஆயுள் அளவுக்கு வளர்ந்த மரத்தின் துண்டை வாங்குகிறார் என்பது நினைவில் இருக்கட்டும். அதைப் பரணில் போட்டுவைப்பது அநியாயம்.

இனி மரத்தின் தொல்லைகள். இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

புதுக் கருவிக்குள் நாம் ஊதுவது சூடான ஈரக் காற்று. உள்பக்கம் ஈரத்தைக் குடித்து உப்பும். வெளிப்பக்கம் காய்ந்தபடியே இருக்கும். அந்த இழுபறியில் வெளித்தோல் பிளக்கிறது. பெரும்பாலும் மேல் பாகத்தின் உச்சியில், இரண்டு ஸ்வரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிக்க உதவும் ட்ரில் கீகளின் துளைகளை ஒட்டி ஆரம்பிக்கும். முதலில் பார்த்தால் ஒரு தலைமுடி ஒட்டியிருப்பது போல இருக்கும். துடைத்தால் போகாது, நகத்தைக் குறுக்கே இழுத்தால் லேசாக இடறும். அது துளைவரை போய்விட்டால் காற்று ஒழுகி, அதற்குக் கீழுள்ள ஸ்வரங்கள் எல்லாம் தடுமாறும். என் மேசைக்கு வரும்போது, நீர்போல ஓடும் பசையை விரிசலுக்குள் இறக்கி, மேலே கிரனடில்லா தூளைத் தேய்த்து நிரப்பி, மீண்டும் வாய் பிளக்காமல் இருக்கக் குறுக்கே உலோக ஊசி இறக்குவேன், அல்லது கார்பன் நாரைச் சுற்றிக் கட்டுவேன். ஒழுங்காகச் செய்தால் கருவி பல ஆண்டுகள் வாசிக்கும். விற்கப் போனால் மட்டும் விலை இறங்கும்.

சென்னையில் பனி இல்லை, அதனால் பயமில்லை என்று சொல்லிவிட முடியாது. நமக்குக் குளிர்சாதன அறை இருக்கிறது. வெளியே வியர்த்து வழியும் ஈரக் காற்று, உள்ளே உலர்ந்த குளிர். நாளுக்கு நான்கு முறை இந்த இரண்டுக்கும் இடையே போய்வரும் கருவி பாவம். முதல் சில வாரங்களுக்கு நாளைக்குப் பதினைந்து, இருபது நிமிடத்துக்கு மேல் வாசிக்கக் கூடாது. வாசித்து முடித்ததும் துணியை உள்ளே இழுத்து ஈரத்தை எடுத்துவிட வேண்டும். குளிர்ந்த அறைக்குள் போனதும் ஊதத் தொடங்காமல் சற்று நேரம் கையில் வைத்துச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இணைப்புகள் உப்பி இறுகிக்கொள்ளும். முறுக்கிப் பிடுங்கினால் கீ வளையும். இணைப்பில் சுற்றியிருக்கும் கார்க்குக்குக் கிரீஸ் தடவி, பொறுமையாகக் கழற்ற வேண்டும். வெயிலில் நிறுத்திய காரில் வைத்துவிட்டுப் போனால் மரம் பிளப்பதோடு, கீகளின் அடியில் துளையை அடைக்கும் மெத்தைகளான பேடுகளை ஒட்டியிருக்கும் அரக்கும் இளகி அவை இடம் மாறிவிடும். பேடு விஷயத்தில் பிளாஸ்டிக் கருவியும் தப்பாது. மற்ற எதுவும் அதைத் தொடாது.

இவ்வளவையும் சொன்ன பிறகும் வாங்கிக் கொடுங்கள் என்கிறேன் என்றால், அழகை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை என்பதுதான் காரணம்.

கடையில் உங்கள் மகள் பார்த்த கறுப்பில் பெரும்பகுதி சாயம். அதைச் சொல்லிவிடுவது நல்லது. கிரனடில்லா இயல்பாக ஊதா கலந்த கரும்பழுப்பு. அங்கங்கே செம்பழுப்புக் கோடுகள் ஓடும். எல்லாக் கருவியும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதற்காக நிறுவனங்கள் கறுப்பு ஏற்றுகின்றன. சாயம் ஏற்றாத கருவிகளும் கிடைக்கும். நான் வாங்குவதாக இருந்தால் அதைத்தான் வாங்குவேன். கீகள் செம்பும் துத்தநாகமும் நிக்கலும் சேர்ந்த கலப்பு உலோகம், மேலே வெள்ளி முலாம். பிளாஸ்டிக் கருவிகளில் வழக்கமாக நிக்கல் முலாம் இருக்கும்; பளபளப்பு குறையாது, வியர்த்த விரலுக்கு வழுக்கும். வெள்ளி கறுத்துப்போகும், துடைக்க வேண்டும். ஆனால் விரல் அதில் படிந்து நிற்கும். வாசிப்பவருக்குத்தான் அந்தச் சுகம் தெரியும்.

2010-ல் அமெரிக்காவின் இண்டியனாபொலிஸ் நகரில் கிளாடியா ஃபிரிட்ஸும் அவருடைய குழுவினரும் வயலின் கலைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். மூன்று புதிய வயலின்கள்; மூன்று பழையவை. பழையவற்றில் இரண்டு ஸ்ட்ராடிவாரி, ஒன்று குவார்னெரி; இரண்டும் இத்தாலியின் புகழ்பெற்ற பழைய வயலின் ஆசான்களின் பெயர்கள். வாசிப்பவர்களுக்கு அடையாளம் தெரியக் கூடாது என்று மங்கிய வெளிச்சமுள்ள அறையில் வெல்டிங் வேலைக்காரர்கள் போடும் கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். 21 பேரில் பெரும்பாலோர் புதியதையே விரும்பினார்கள்; யாருக்கும் அதிகம் பிடிக்காமல் போனது ஒரு ஸ்ட்ராடிவாரி. பழங்கருவி மோகத்துக்கு விழுந்த அடி என்று இதைப் பலரும் எழுதினார்கள். எனக்குப் பட்டது வேறு. அந்தக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு யாரும் தினமும் சாதகம் செய்வதில்லை. பெட்டியைத் திறக்கும்போது கண்ணும் திறந்துதான் இருக்கிறது.

தஞ்சாவூர் வீணையைப் பாருங்கள். தண்டியின் முனையில் வளைந்து நிற்கும் யாளி முகம் ஒரு கமகத்தைக்கூடக் கூட்டுவதில்லை, குறைப்பதில்லை. வெட்டி எடுத்துவிட்டால் சுமக்க வசதியாக இருக்கும். ஆனாலும் யாளி இல்லாத வீணையை யாராவது விரும்பிக் கேட்டதுண்டா? யாளி நாதத்துக்காக இருக்கிறது என்று எந்த ஆசாரியும் சொன்னதும் இல்லை. அழகுக்காக வைத்தோம் என்று கூசாமல் சொல்வார்கள். கிளாரினெட்காரர்களுக்குத்தான் இந்தக் கூச்சம். அழகாக இருக்கிறது, ஆசைப்பட்டேன் என்று சொல்ல வெட்கப்பட்டு, ‘மரத்தின் கதகதப்பு’, ‘ஆழ்ந்த நாதம்’ என்று ஒலியின் தலையில் கட்டுகிறார்கள்.

அழகு கேட்பவரின் காதை எட்டுவதில்லை, வாசிப்பவரைப் பிடித்துக்கொள்கிறது. 13 வயதில் ஒரு பிள்ளை தினமும் தானாகப் பெட்டியைத் திறப்பதும், அம்மா சொல்லித் திறப்பதும் ஒன்றல்ல. தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிற பொருளைத் துடைத்து வைக்கிறாள். துடைத்து வைக்கிற கருவி ஒழுகாமல் இருக்கிறது. ஒழுகாத கருவி நல்ல சத்தம் தருகிறது. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. விலையை நினைத்துக் கருவியை அலமாரிக்குள் பூட்டிவைக்கும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். ‘உடைத்துவிடாதே’ என்று நாளைக்குப் பத்து முறை சொல்லப் போகிறீர்கள் என்றால், தயவுசெய்து பிளாஸ்டிக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எடையும் பார்க்க வேண்டும். மரக் கருவி கனமானது. அந்தக் கனம் முழுவதும் வலது கட்டைவிரலில் நிற்கும். சின்னக் கை என்றால் கழுத்தில் மாட்டும் பட்டை ஒன்று வாங்கிவிடுங்கள். மகள் பிற்பாடு கர்நாடக இசைப் பக்கம் போனாலும் இந்தக் கருவி வீணாகாது. பரதநாட்டியத்துக்கு முன்னோடியான சதிர்க் கச்சேரியில் 19-ஆம் நூற்றாண்டிலேயே கிளாரினெட் புகுந்துவிட்டது. 2022-ல் பத்மஸ்ரீ பெற்ற திருச்சி ஏ.கே.சி. நடராஜன், கீ வைத்த இந்தக் குழலில் கமகத்தை வரவழைத்துத் தனிக் கச்சேரி வாத்தியமாகவே நிறுத்திக் காட்டினார். துளையை விரலால் சிறிது சிறிதாகத் திறந்தும் உதட்டை இளக்கியும் செய்கிற வேலை அது. கட்டை எதுவாக இருந்தாலும் அதைக் கருவி செய்துகொடுக்காது.

கடைக்குப் போவதற்கு முன்னால் இரண்டு வேலை செய்யுங்கள். கையில் இருக்கும் பிளாஸ்டிக் கருவியைப் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துப் பேடுகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். வண்டோரன் போன்ற நல்ல நிறுவனத்தின் மவுத்பீஸ் ஒன்றும், மகளுக்குப் பொருத்தமான விறைப்பு எண் கொண்ட ரீடும் வாங்குங்கள். மரத்துக்குச் செலவிடும் பணத்தில் சிறு பங்குதான் ஆகும்; ஒலியில் பாதிக்கு மேல் இதிலேயே மாறிவிடும். அந்த மவுத்பீஸைப் புதுக் கருவிக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் நஷ்டமில்லை. அதன் பிறகு அதே மவுத்பீஸை இரண்டு கருவியிலும் மாட்டி, ஆசிரியரைத் திரைக்குப் பின்னால் நின்று வாசிக்கச் சொல்லி நீங்கள் கேளுங்கள். பிறகு மகள் வாசிக்க, ஆசிரியரைத் திரும்பி நிற்கச் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ளலாம், பரவாயில்லை.

எடுத்த எடுப்பில் ஆர்13 வேண்டாம். யமஹாவின் 450, பஃபேயின் இ13 போன்ற இடைநிலை மரக் கருவிகளே இந்த வயதுக்குத் தாராளம். பழைய கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. விரிசல் விட வேண்டியது பெரும்பாலும் முதல் ஓரிரு ஆண்டுகளில் விட்டிருக்கும். மேல் பாகத்தின் கீழ்முனையை உள்ளங்கையால் அடைத்து, துளைகளை விரலால் மூடி, மேல்முனையில் வாய் வைத்து உறிஞ்சுங்கள். உறிஞ்சியது அப்படியே நின்று, வாயை எடுக்கும்போது ‘பக்’ என்று விட வேண்டும். மெல்ல இறங்கினால் எங்கேயோ ஒழுகுகிறது. பச்சை கலந்த பழுப்பாக வெளிறி, விரலால் தேய்த்தால் கந்தக வாசனை வந்தால் அது மரமே அல்ல, பழைய எபோனைட். மோசமான கருவி என்று அர்த்தமில்லை. மர விலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான். இணைப்பு முனையின் விளிம்பைப் பார்த்தால் சாயம் ஏறாத இடத்தில் மரத்தின் நார் தெரியும்.

பழைய பிளாஸ்டிக் கருவியை விற்க வேண்டாம். விற்றாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஆகஸ்ட் 15 காலை மைதானத்தில் வெயிலில் இரண்டு மணி நேரம் நிற்க வைத்துத்தான் பள்ளி பேண்டை வாசிக்க விடுவார்கள். அன்றைக்கு அதைக் கொடுத்து அனுப்புங்கள்.